பாதி ஃபைனல் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் கால்பந்து ஃபைனலுக்கு டிக்கெட் எடுக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் ஒன்றைப் பாருங்கள்: அது முதல் ஆட்டமா, இரண்டாம் ஆட்டமா? ஐரோப்பாவில் ஃபைனல் ஒரே ராத்திரியில், இரண்டு அணிக்கும் பொதுவான ஒரு ஊரில் முடிந்துவிடும். விசில் ஊதியதும் மேடை போட்டுக் கோப்பையைக் கொடுத்துவிடுவார்கள். இங்கே அப்படி இல்லை. சொந்த ஊரில் ஒன்று, எதிராளி ஊரில் ஒன்று என்று இரண்டு ஆட்டம். 2020-லிருந்து 2022 வரை மூன்று ஃபைனல்களை ஒரே ஆட்டமாக நடத்திப் பார்த்தார்கள். 2023-இல் பழையபடி இரண்டாக்கிவிட்டார்கள். ஆகவே உங்கள் ஊரில் முதல் ஆட்டம் என்றால் அன்றைக்கு யாரும் கோப்பையைத் தூக்கப்போவதில்லை. காசு கொடுத்துப் பார்ப்பது பாதி ஃபைனல்தான். இது தெரிந்து போனால் ஆட்டத்தைப் பார்க்கும் விதம் மாறும், எப்போது எழுந்து கிளம்புவது என்பதும் மாறும்.

நாங்கள் பார்த்தது 2025 மே 24, சனிக்கிழமை மதியம் மூன்று மணி ஆட்டம். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் லோஃப்டஸ் வெர்ஸ்ஃபெல்ட் அரங்கம். மாமெலோடி சன்டவுன்ஸுக்கு எதிரே எகிப்திலிருந்து பிரமிட்ஸ் எஃப்சி. நான், மனைவி, நான்காம் வகுப்பு படிக்கும் மகள் மூவரும் செஞ்சூரியனிலிருந்து போனோம். லாடியத்திலிருந்து மாமாவும் அவர் பேரனும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

மாமா என்றால் ரத்த உறவு இல்லை. மராபஸ்டாட் மாரியம்மன் கோயிலில் பழக்கமானவர். கரும்புத் தோட்ட வேலைக்கு நேட்டாலுக்கு வந்த குடும்பத்தின் வாரிசு. இவர் பிறந்து வளர்ந்தது பிரிட்டோரியாவில். நான் தமிழில் பேசினால் எல்லாம் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். நடுவில் "ஐயோ", "போடா" மட்டும் சுத்தத் தமிழ். இந்தக் கட்டுரையில் அவர் சொன்னதை எல்லாம் நான் தமிழாக்கித்தான் எழுதுகிறேன். "ஐயோ"க்கள் மட்டும் அவருடையவை.

சன்டவுன்ஸ் என்ற பெயரோடு மாமெலோடி என்ற ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாலும், அணி பிறந்தது மராபஸ்டாட்டில். கோயில் இருக்கிற அதே பேட்டை. 1960-களில் அந்தத் தெருப் பையன்கள் சேர்ந்து உண்டாக்கியது. தொடங்கியவர்களாகச் சொல்லப்படுகிற பெயர்களைப் பாருங்கள்: ஃபிராங்க் மோட்செப்பே, இங்கிள் சிங், ராய் ஃபிஷர், பெர்னார்ட் ஹார்ட்சே. அந்தத் தெரு எப்படிக் கலந்து கிடந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அப்புறம் நிறவெறி அரசு அவரவரைப் பிரித்து அனுப்பியது. கறுப்பின மக்கள் அட்டரிட்ஜ்வில்லுக்கும் மாமெலோடிக்கும், கலர்ட் என்று அரசு வகைப்படுத்திய கலப்பின மக்கள் ஈர்ஸ்டெரஸ்ட்டுக்கும், இந்தியர்கள் லாடியத்துக்கும். கோயில் மட்டும் இடம் மாறாமல் அங்கேயே நிற்கிறது. மாமாவின் வீட்டார் லாடியத்துக்குப் போனபோது சாமியையும் பந்தையும் மராபஸ்டாட்டில் விட்டுவிட்டுப் போனதாகத்தான் அவர் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவது ஒன்றைப் பார்க்க, லோஃப்டஸுக்குப் போவது இன்னொன்றைப் பார்க்க.

நான் குமரிக் கடற்கரைக்காரன். தூத்தூர்ப் பக்கம் பந்து என்றால் கால்பந்துதான். மணலில் ஆடி வளர்ந்த ஊர். வேலைக்காக இந்த ஊருக்கு வந்தபோது நம் ஆட்கள் எல்லோரும் கிரிக்கெட் அணி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மாமா கிடைத்தார், மாமா வழியாக சன்டவுன்ஸ் கிடைத்தது. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்கள் பலர், உள்ளூர்க் கால்பந்து நமக்கு இல்லை, அந்தக் கூட்டத்தில் நாம் தனியாகத் தெரிவோம் என்று தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். மஞ்சள் சட்டை போட்டுவிட்டால் உங்களைக் கட்டிப்பிடிக்காமல் விடமாட்டார்கள். "கா போ யெல்லோ" என்று யாராவது கத்தினால் அதையே திருப்பிக் கத்தினால் போதும். அதற்கு மேல் மொழி தேவைப்படாது.

டிக்கெட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லீக் ஆட்டங்களுக்கு லோஃப்டஸில் பாதி இருக்கைகூட நிறையாது; சன்டவுன்ஸ் வருஷா வருஷம் ஜெயித்துக்கொண்டே இருப்பதாலோ என்னவோ, ஜனம் அலுத்துப் போயிருக்கிறது. அந்த சீசனோடு தொடர்ந்து எட்டாவது லீக் பட்டம். இதை நம்பி ஃபைனலுக்கும் கடைசி நாளில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். 50,000 பேருக்கு மேல் உட்காரக்கூடிய அரங்கம் அன்றைக்கு மஞ்சளாக வழிந்தது. விற்பனை தொடங்கிய அன்றே எடுத்துவிடுங்கள். குழந்தைக்கும் தனி டிக்கெட் எடுங்கள், மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று வாசலில் வாதாட முடியாது. பார்கோடைப் போனில் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். அத்தனை ஆயிரம் போன் ஒரே இடத்தில் கூடினால் நெட்வொர்க் திணறும். ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சக்கரம் சுற்றுவதைப் பார்த்தபடி வரிசையில் நின்றவர்களைக் கண்ணால் பார்த்தேன்.

நேரத்தோடு உள்ளே போவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாமா இதில் கறார். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் இருக்கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டிலேயே டிவியில் பார்க்கலாம் என்பார். காரணம் இந்த நாட்டின் பழைய காயம். 2001 ஏப்ரல் 11 அன்று ஜோஹன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் கைசர் சீஃப்ஸும் ஆர்லாண்டோ பைரேட்ஸும் மோதியபோது, நிரம்பிய அரங்கத்துக்குள் வெளியே நின்ற கூட்டம் நெருக்கித் தள்ளியதில் 43 பேர் இறந்தார்கள். அதற்குப் பத்து வருஷம் முன்னால், 1991 ஜனவரியில், ஓர்க்னியில் இதே இரண்டு அணிகள் ஆடியபோது 42 பேர். எல்லிஸ் பார்க்கில் ஆட்டம் தொடங்கிவிட்ட சத்தம் கேட்டுத்தான் வெளியே இருந்தவர்கள் பொறுமை இழந்தார்கள். நேரம் கழித்து வருகிறவன் அவசரப்படுவான், அவசரப்படுகிறவன் தள்ளுவான். மாமாவின் கணக்கு அவ்வளவுதான், அதில் பிழை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. விளையாட்டு நிகழ்ச்சிகளின் பாதுகாப்புக்கென்று 2010-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். இப்போது கேட்டுக்கு வெகு முன்னாலேயே ஒரு தடுப்பு வளையம் போட்டு டிக்கெட்டைப் பார்க்கிறார்கள். டிக்கெட் இல்லாதவர் கேட் வரை போகவே முடியாது. ஆனால் வளையத்தில் ஒரு வரிசை, பையைச் சோதிக்க ஒரு வரிசை, கேட்டில் ஒரு வரிசை என்று மூன்றும் சேர்ந்து நேரத்தைத் தின்னும். பையே கொண்டுபோகாவிட்டால் இரண்டாவது வரிசை சீக்கிரம் நகரும். பாட்டில், குடை, சாப்பாட்டு டப்பா எதையும் உள்ளே விடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள்.

போக்குவரத்துக்கு என் ஓட்டு கௌட்ரெயின் என்ற விரைவு ரயிலுக்கு. செஞ்சூரியன் நிலையத்தில் காரை விட்டுவிட்டு ஹாட்ஃபீல்டில் இறங்கினால் அரங்கம் நடக்கிற தூரம்தான். வழியெல்லாம் மஞ்சள் சட்டைக் கூட்டம், பாட்டு, நடை தெரியாது. கார்டில் திரும்பி வரும் காசையும் சேர்த்து ஏற்றிவிடுங்கள், ஆட்டம் முடிந்து வந்து மெஷின் முன்னால் நிற்கிற வரிசை நீளம். சனி ஞாயிறுகளில் வண்டிகளுக்கு இடையே இடைவெளி அதிகம் என்பதையும் மனசில் வையுங்கள்.

காரில்தான் வருவேன் என்கிறவர்கள் அரங்கத்தை ஒட்டி இடம் தேட வேண்டாம். கொஞ்சம் தள்ளி, திரும்பும் பக்கமாக வண்டியின் முகத்தை வைத்து நிறுத்துங்கள். பிரதிபலிக்கும் சட்டை போட்ட கார் கார்டு ஒருவர் வந்து கையைக் காட்டுவார். திரும்பி வரும்போது அவருக்குக் கொடுக்கச் சில்லறை ரேண்ட் சட்டைப் பையில் இருக்கட்டும். லாடியம் மாமா காரில்தான் வந்தார். "ரயிலில் வந்தால் சமூசா எங்கே வைப்பது?" என்று கேட்டார். அந்தச் சமூசாவும் என் மனைவி கட்டிவந்த எலுமிச்சம் சாதமும் ஹாட்ஃபீல்டில் ஒரு ஜக்கரண்டா மரத்தடியில் தீர்ந்தன. மே மாதத்தில் அந்த மரத்தில் பூ இருக்காது, நிழல் இருக்கும்.

இருக்கை எந்தப் பக்கம் என்பது ஹைவெல்ட் என்கிற இந்த மேட்டுநிலத்தின் குளிர்காலத்தில் சின்ன விஷயம் இல்லை. மதிய ஆட்டத்துக்குக் கிழக்குப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் முகத்தில் அடிக்கும். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் இரண்டாம் பாதி பார்க்க முடியாது. மேற்குப் பக்கம் நிழல், கண்ணுக்குச் சுகம், ஆனால் மூன்றரைக்கே உடம்பு நடுங்கத் தொடங்கும். மே மாதக் கடைசியில் இங்கே ஐந்தரைக்குள் சூரியன் போய்விடும். போனதும் குளிர் யாரையும் கேட்காமல் இறங்கும். மதியம் அரைக்கைச் சட்டையோடு வந்த இளவட்டங்கள் ஆட்டம் முடிந்து திரும்பும்போது கொடியைப் போர்த்திக்கொண்டு நடந்தார்கள். நாங்கள் இருந்தது கிழக்குப் பக்கம்.

குழந்தையோடு போகிறவர்கள் காதுக்கு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். வுவுசெலா என்ற பிளாஸ்டிக் ஊதுகுழல் தொலைக்காட்சியில் தேனீ ரீங்காரம் மாதிரி கேட்கும். பக்கத்து இருக்கையில் ஊதினால் மண்டைக்குள் இறங்கும். மகளுக்குக் காதை மூடும் ஹெட்ஃபோன் மாதிரி ஒன்றை ஹார்டுவேர் கடையில் வாங்கியிருந்தோம், துளை போடும் மெஷின்காரர்கள் போடுவது. முதலில் வெட்கப்பட்டாள், அப்புறம் கழற்றவே இல்லை. மணிக்கட்டில் என் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிட்டோம். கழிப்பறைக்கு இடைவேளையில் போகாமல், முதல் பாதி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே போய் வந்துவிடுங்கள். போண்டா பஜ்ஜி கிடைக்காது, பூர்வோர்ஸ் ரோல் கிடைக்கும், ரொட்டிக்குள் இறைச்சித் தொத்திறைச்சி வைத்தது. சாப்பாட்டைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இனி ஆட்டம்.

அரங்கத்தில் எங்களைச் சுற்றி இருந்தவர்கள் பேச்சில் ஓர் அலட்சியம் இருந்தது. செமியில் அல் அஹ்லியையே தாண்டியாயிற்று, பிரமிட்ஸ் எந்த மூலைக்கு என்ற தொனி. கெய்ரோவில் அல் அஹ்லிக்கும் ஜமாலெக்குக்கும்தான் ஜனம். பிரமிட்ஸ் 2018-இல்தான் புதுப் பெயரும் புதுப் பணமுமாக எழுந்த கிளப், அதற்கு முன் அல் அசியூட்டி என்று இருந்தது. பின்னால் பெரிய ரசிகர் கூட்டம் கிடையாது. ஆனால் இதே பிரமிட்ஸ்தான் செமியில் ஆர்லாண்டோ பைரேட்ஸை வெளியேற்றியது. ஜோஹன்னஸ்பர்க்கில் 0-0 பிடித்துக்கொண்டு, கெய்ரோவில் 3-2 ஜெயித்தது. மாமா இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: "வெளியூரில் வந்து அவசரப்படாத அணி இது. ஊருக்குப் போய்க் கணக்கை முடிக்கும்."

முதல் பாதியில் கோல் இல்லை. 54-ஆவது நிமிடத்தில் பிரேசில்காரர் லூக்காஸ் ரிபெய்ரோ அடித்தார். அந்தச் சத்தத்தை எழுதி விளக்க முடியாது. மாமாவின் பேரன் எனக்குத் தெரியாத ஓர் ஆளின் தோளில் இருந்தான். மகள் ஹெட்ஃபோனோடு குதித்துக்கொண்டிருந்தாள். மாமா மட்டும் உட்கார்ந்துவிட்டார். "இனிமேல்தான் பயம்" என்றார்.

ஏன் பயம் என்பதற்கு அவே கோல் விதியைப் புரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பா இந்த விதியை 2021-இல் தூக்கிப் போட்டுவிட்டது. ஆப்பிரிக்காவில் இன்னும் இருக்கிறது. இரண்டு ஆட்டத்தையும் கூட்டினால் கோல் சமமாக இருக்கிறது என்று வையுங்கள். எதிராளி ஊரில் அதிக கோல் அடித்தவருக்கு வெற்றி. இதனால் சொந்த ஊரில் நடக்கும் முதல் ஆட்டத்தில் 1-0 ஜெயிப்பது 2-1 ஜெயிப்பதைவிட நல்லது. இரண்டிலும் வித்தியாசம் ஒரு கோல்தானே என்று தோன்றும். 2-1 என்றால் எதிராளி தன் ஊரில் 1-0 ஜெயித்தாலே போதும், கோப்பை அவர்களுக்கு. 1-0 என்றால் அதே 1-0 அவர்களுக்குச் சமனைத்தான் தரும். சன்டவுன்ஸுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்: அல் அஹ்லியோடு லோஃப்டஸில் 0-0, கெய்ரோவில் 1-1. அந்தக் கடைசி நேர கோல்கூட எதிராளி தடுப்பாட்டக்காரர் தன் வலையிலேயே போட்டுக்கொண்டது. ஒரே ஓர் அவே கோலில் செமியைத் தாண்டி வந்த அணி, ஃபைனலில் அதே கத்தி தன் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே முதல் ஆட்டத்தில் உங்கள் அணி முன்னிலைக்கு வந்ததும் பந்தை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். டிவியில் இது தெரியாது, கேமரா பந்தோடே ஓடும். அரங்கத்துக்குக் காசு கொடுத்து வருவதன் லாபமே இதுதான். நம் அணி தாக்கப் போகும்போது பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள்? ஓரத்தில் ஆடும் தடுப்பாட்டக்காரர்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மேலே ஏறுகிறார்களா, ஒருவர் ஏறினால் இன்னொருவர் நிற்கிறாரா? பந்து பறிபோன முதல் ஐந்து நொடியில் நடுக்களத்தில் இருப்பவர் யாரைப் பிடிக்கிறார்? மாமாவின் விரல் முழு நேரமும் இந்த மாதிரி இடங்களைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. கோலுக்கு அப்புறம் அரங்கம் இரண்டாவது கோலைக் கேட்டு ஆர்ப்பரித்தது. ஐம்பதாயிரம் பேர் "இன்னொன்று" என்று கேட்கும்போது நிதானமாக ஆடுவது லேசில்லை. கூட்டமே சொந்த அணியைத் திறந்துவிடத் தள்ளும். முதல் ஆட்டத்துக்குப் போகிற ரசிகர்கள் இதை யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி: 1-0 நல்ல ஸ்கோர், அதைக் காப்பாற்றுவதற்கும் பாடலாம்.

எண்பத்தைந்தாவது நிமிடத்திலிருந்து எங்கள் வரிசையில் முழங்கால்களை மடக்கி வழிவிடும் வேலை தொடங்கியது. கார் எடுக்கிறவர்கள், ரயில் பிடிக்கிறவர்கள், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டவர்கள். எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு குடும்பம் கடைசி நிமிடங்களில் கைகொடுத்து, "கெய்ரோவில் பார்க்கலாம்" என்று சிரித்துவிட்டுப் போனது. தொண்ணூறு நிமிடத்துக்கு மேல் சேர்த்துக் கொடுத்த நேரத்தின் நான்காவது நிமிடத்தில் பிரமிட்ஸின் வாலித் எல் கார்ட்டி சமன் செய்தார். மொராக்கோக்காரர். 2017-இல் விடாட் அணிக்காக இதே கோப்பையின் ஃபைனலில் அல் அஹ்லிக்கு எதிராக வெற்றி கோல் அடித்தவரும் இவர்தான். இப்படிப்பட்ட நேரத்தில் இப்படிப்பட்ட ஆள் பெனால்ட்டி பெட்டிக்குள் வந்து நிற்பது தற்செயல் இல்லை.

"ஐயோ" என்றார் மாமா, ஒரே ஒரு தடவை.

மகள் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "சமன்தானே, தோற்கவில்லையே, ஏன் எல்லாரும் இப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்டாள். அடுத்த கேள்வி, "கப் எங்கே?" அவளுக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர்களிலேயே சிலர் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மாமாவின் வருத்தத்துக்கு வரலாறு உண்டு. 2025 வரை தென்னாப்பிரிக்க அணிகள் இந்தக் கோப்பையின் இரண்டு ஆட்ட ஃபைனலுக்கு ஐந்து தடவை வந்திருக்கின்றன. ஐந்து தடவையும் முதல் ஆட்டம் சொந்த நாட்டில். 1995-இல் ஆர்லாண்டோ பைரேட்ஸ் ஐவரி கோஸ்ட்டின் ஏசெக் மிமோசாஸோடு இங்கே 2-2, அபிஜானில் ஜெர்ரி சிகோசானா அடித்த ஒரே கோலில் 1-0, கோப்பை வந்தது. 2001-இல் சன்டவுன்ஸ், அல் அஹ்லி: பிரிட்டோரியாவில் 1-1, கெய்ரோவில் 0-3. 2013-இல் பைரேட்ஸ், மறுபடி அல் அஹ்லி: ஆர்லாண்டோ ஸ்டேடியத்தில் 1-1, கெய்ரோவில் 0-2. 2016-இல் பிட்ஸோ மோசிமானே பயிற்சியில் சன்டவுன்ஸ் ஜமாலெக்கை அட்டரிட்ஜ்வில்லில் 3-0 அடித்தது. எகிப்தில் 0-1 தோற்றும் கோப்பை நம்முடையது. இப்போது மறுபடி எகிப்திய அணி, மறுபடி 1-1. பைரேட்ஸ் அபிஜானில் ஜெயித்ததை உதாரணமாகக் காட்டுகிறவர்களுக்கு மாமாவின் பதில்: "அது அபிஜான். கெய்ரோ வேறு."

கிளம்புவதற்கு வருகிறேன். முன்கூட்டியே எழுந்து போகிறவர்கள் மிச்சம் பிடிப்பது இருபது நிமிடம் இருக்கலாம். ஒரே ஆட்டத்தில் முடியும் போட்டியில் 3-0 முன்னிலையில் போனால் சரி. இரண்டு ஆட்ட ஃபைனலின் முதல் ஆட்டத்தில் கடைசி நிமிட கோலுக்கு மற்ற கோல்களைவிட விலை அதிகம், அதுவும் விருந்தாளி அடித்தால். அதனால் கடைசி விசில் வரை இருந்துவிட்டு, விசிலுக்குப் பிறகும் எழாதீர்கள். நாங்கள் இருபது நிமிடம் போல உட்கார்ந்தே இருந்தோம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டோம், குழந்தைகளைக் கழிப்பறைக்கு அழைத்துப் போனோம், படிக்கட்டுகள் காலியாவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தோற்ற மனநிலையில் கூட்டம் வெளியேறும்போது படிக்கட்டில் இருப்பதைவிட இருக்கையில் இருப்பது மேல். வெளியே வந்ததும் குறுக்குச் சந்துகளில் நுழையாமல் கூட்டம் போகும் பெரிய தெருவிலேயே நடந்தோம், போனைப் பையை விட்டு எடுக்கவில்லை. ஆப் டாக்சி கூப்பிடுகிறவர்கள் அரங்க வாசலில் நின்று கூப்பிட்டால் விலையும் ஏறும், வண்டியும் நெருங்க முடியாது. ஹாட்ஃபீல்ட் கடைத்தெரு வரை நடந்து, வெளிச்சமான ஒரு கடைக்குள் நின்று கூப்பிடுங்கள்.

இரண்டாம் ஆட்டம் ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, கெய்ரோவில் ஜூன் 30 ஸ்டேடியத்தில். கெய்ரோ போகும் யோசனை யாருக்கும் இல்லை. லாடியத்தில் மாமா வீட்டு டிவி முன்னால் கூடினோம். அத்தை ஆட்டுக்கறி பிரியாணி செய்திருந்தார், டர்பன் முறையில் பருப்புப் போட்டது. 0-0 ஆனாலே பிரமிட்ஸுக்குக் கோப்பை என்ற நிலையில் ஆட்டம் தொடங்கியது. அதாவது சன்டவுன்ஸ் கோல் அடித்தே ஆக வேண்டும். 23-ஆவது நிமிடத்தில் காங்கோக்காரர் ஃபிஸ்டன் மாயேலே அடித்தார். 56-இல் அஹ்மத் சாமி. 2-0. பக்கத்து வீட்டிலிருந்து வந்தவர்கள் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள்.

75-ஆவது நிமிடத்தில் இக்ராம் ரெய்னர்ஸ் ஒன்றைத் திருப்பினார். அப்போது மகள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள்: இரண்டு ஆட்டமும் சேர்த்து 3-2. இன்னும் ஒன்று அடித்தால் 3-3. "அப்போ அவே கோல் நமக்கு ரெண்டு, அவங்களுக்கு ஒண்ணு. நமக்குத்தான் கப்!" பேரன் நம்பவில்லை, பெனால்ட்டி வரும் என்று சண்டை போட்டான். மாமா, "பாப்பா சொல்றது சரி" என்று தமிழிலேயே சொல்லிவிட்டார். செருப்பு தேடியவர்கள் திரும்ப வந்து உட்கார்ந்தார்கள். லோஃப்டஸில் எங்களைக் கவிழ்த்த அதே விதி, கடைசிக் கால் மணி நேரம் எங்களை டிவி முன்னால் நிற்க வைத்தது. அந்த ஒரு கோல் வரவில்லை. 2-1, மொத்தம் 3-2. பிரமிட்ஸ் முதன்முறையாக ஆப்பிரிக்க சாம்பியன்.

அடுத்த தடவை ஃபைனல் வந்தால் போவோமா என்ற கேள்வியே எழவில்லை, போவோம். முதல் ஆட்டம் வெளியூரில், இரண்டாவது இங்கே என்று அமைந்தால் விலை எவ்வளவானாலும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார் மாமா. 2023 நவம்பரில் ஆப்பிரிக்கன் ஃபுட்பால் லீக் என்ற வேறொரு போட்டியின் ஃபைனல் அப்படித்தான் அமைந்தது. கசபிளாங்காவில் விடாட்டிடம் 1-2 தோற்றுவிட்டு வந்து லோஃப்டஸில் 2-0 ஜெயித்து, சன்டவுன்ஸ் சொந்த மைதானத்திலேயே கோப்பையைத் தூக்கியது. இருக்கை விஷயத்தில்தான் இன்னும் முடிவாகவில்லை. என் மனைவிக்கு வெயில் ஆகாது, மேற்குப் பக்கம் வேண்டும் என்கிறாள். மாமாவுக்குக் குளிர் ஆகாது, கிழக்கை விட்டு நகரமாட்டேன் என்கிறார். சமூசா அவர் வீட்டிலிருந்து வருவதால் கிழக்குப் பக்கமே எடுக்க வேண்டியிருக்கும்.